நான்கு வீட்டுக் கட்டடமும் முடங்கிய நஷ்டமும்: ஒரு காஸ்ட் செக்ரிகேஷன் நிகழ்வு ஆய்வு

டெக்சாஸில் வரிக்கணக்கு தயாரிப்பது என் தொழில். கீழே வருவது என்னிடம் வந்த ஒரு தம்பதியின் வழக்கு. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். கணக்கு எளிதாகப் புரியத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். காஸ்ட் செக்ரிகேஷன், அதாவது கட்டடத்தின் விலையைப் பாகம் பாகமாகப் பிரித்து வரியில் சீக்கிரம் கழிக்கும் முறை, வரியை மிச்சப்படுத்துமா? வாடகைக்கு வீடு வாங்கியிருக்கும் பலர் இதே கேள்வியோடு, பெரும்பாலும் இதே தவறான வரிசையில் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

பின்னணி

கணவன், மனைவி இருவரும் ஆஸ்டின் பக்கம் மென்பொருள் துறையில் முழுநேர வேலையில் இருக்கிறார்கள். 2023இல் இருவர் சம்பளமும் சேர்ந்து 3,10,000 டாலர். முதன்முதலில் வாங்கிக் குடியிருந்த டவுன்ஹோமை 2018இல் காலி செய்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். 2021 ஜூலையில் சான் அன்டோனியோவில் நான்கு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தை வாங்கினார்கள். குடித்தனக்காரர்கள் ஏற்கெனவே இருந்ததால் வாங்கிய மாதமே வாடகை வரத் தொடங்கியது. பராமரிப்பை ஒரு மேலாண்மை நிறுவனத்திடம் விட்டுவிட்டார்கள்.

பதிவுச் செலவு உட்பட மொத்த அடக்கவிலை 7,20,000 டாலர். மாவட்டச் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் விகிதப்படி அதில் 20 சதவீதம், அதாவது 1,44,000 டாலர், நிலத்தின் விலை. பொருளின் விலையை அதன் ஆயுள் ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருமானத்திலிருந்து கழிப்பதுதான் தேய்மானம்; நிலத்துக்கு அது கிடையாது. மீதி 5,76,000 டாலர் கட்டடம். குடியிருப்புக் கட்டடத்துக்கு அமெரிக்க வரிச்சட்டம் தரும் ஆயுள் 27.5 ஆண்டு. ஆக ஆண்டுக்கு 20,945 டாலர் தேய்மானம். வாங்கிய 2021இல் ஐந்தரை மாதக் கணக்கில் 9,600 டாலர். முந்தைய கணக்காளர் 2021, 2022 இரண்டு ரிட்டர்ன்களிலும் இப்படித்தான் போட்டிருந்தார். அதில் பிழையில்லை.

2024 பிப்ரவரியில் என்னைப் பார்க்க வந்தார்கள். "அண்ணா, ஒரு பிறந்தநாள் விழால நண்பர் ஒருத்தர் சொன்னார். காஸ்ட் செக்ரிகேஷன் பண்ணினா இந்த வருஷம் டேக்ஸே கட்ட வேண்டாமாமே?" என்று கணவர் கேட்டார். மனைவி கைப்பேசியில் ஓர் அறிக்கையைத் திறந்து காட்டினார். ஒரு நிறுவனத்துக்கு 1,000 டாலர் முன்பணம் கட்டி, வரைவு அறிக்கையையும் வாங்கிவிட்டிருந்தார்கள். 72,000 டாலர் வரி மிச்சம் என்று அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது.

இந்த முறை என்ன செய்கிறது

கட்டடத்தை வாங்கும்போது ஒரே விலை கொடுக்கிறோம். ஆனால் அந்த விலைக்குள் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கம்பளம், வேலி, கார் நிறுத்தும் தளம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. வாடகை வீட்டுச் சாதனங்களுக்கும் கம்பளத்துக்கும் சட்டம் 5 ஆண்டு ஆயுள் தருகிறது. வேலி, நடைபாதை, தார்த்தளம் போன்ற நில மேம்பாடுகளுக்கு 15 ஆண்டு. ஒற்றை விலையைப் பொறியியல் முறையில் இப்படிப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஆயுளில் சேர்ப்பதுதான் காஸ்ட் செக்ரிகேஷன்.

இதற்குச் சட்டப் பிடிப்பு வலுவாகவே இருக்கிறது. 1997இல் ஹாஸ்பிட்டல் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா வழக்கில் வரி நீதிமன்றம் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தது. எது கட்டடம், எது தனிப்பொருள் என்று பிரிக்கப் பழைய முதலீட்டு வரிச்சலுகைக் காலத்தில் உருவான அளவுகோல்களையே தேய்மானத்துக்கும் பயன்படுத்தலாம் என்றது. இதன்மேல் போனஸ் தேய்மானம் சேரும்போது வேகம் கூடுகிறது. 20 ஆண்டோ அதற்குக் குறைவோ ஆயுள் உள்ள பொருள்களின் விலையில் ஒரு பங்கை முதல் ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். 2017இன் வரிச்சட்டம் இந்தப் பங்கை 100 சதவீதமாக்கியது. வேறொருவர் பயன்படுத்திய பழைய பொருளை வாங்கினாலும் செல்லும் என்றது. 2023இல் அது 80 ஆகவும், 2024இல் 60 ஆகவும் இறங்கியது.

நண்பர் சொன்னதில் பொய் இல்லை. அவர் சொல்லாமல் விட்டதுதான் சிக்கல்.

வரைவு அறிக்கையில் கண்டவை

அறிக்கையை இரண்டு இரவு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். கட்டடத்தை யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. "ஒத்த சொத்துகளின் சராசரி" என்ற அட்டவணையிலிருந்து சதவீதங்களை எடுத்துப் போட்டிருந்தார்கள். நிலத்தின் பங்கு 10 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். மதிப்பீட்டு அலுவலகம் 20 என்கிறபோது ஏன் 10 என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

பொருள் பட்டியல் இன்னும் கவலை தந்தது. உட்கதவுகள், குளியலறைத் தொட்டிகள், வாட்டர் ஹீட்டர், சமையலறை மின்கம்பிகள் முழுவதும் 5 ஆண்டுப் பட்டியலில் இருந்தன. கதவு, ஜன்னல், குழாய், தொட்டி, மின்கம்பி, மையக் குளிரூட்டி ஆகியவற்றைக் கட்டடத்தின் உறுப்புகள் என்று விதி 1.48-1 பெயர் சொல்லியே குறிக்கிறது. 2012இல் அமெரிசவுத் வழக்கில் ஓர் அபார்ட்மென்ட் வளாகத்தின் உரிமையாளர் சமையலறைத் தொட்டியையும் குழாய்களையும் இப்படிப் பிரித்துக் காட்டியபோது வரி நீதிமன்றம் பெரும்பாலானவற்றை ஏற்க மறுத்தது. அதுவும் வாடகைக் குடியிருப்புதான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் தொட்டியை 5 ஆண்டில் போடும் அறிக்கையை நான் ரிட்டர்னில் இணைக்க மாட்டேன் என்று சொன்னேன்.

72,000 எங்கிருந்து வந்தது? அவர்கள் பிரித்த தொகை 1,94,400 டாலர். அதை 37 சதவீதத்தால் பெருக்கியிருந்தார்கள். கணவன் மனைவி சேர்ந்து போடும் கூட்டு ரிட்டர்னில் 37 சதவீத வரி அடுக்கு 2023இல் 6,93,750 டாலருக்கு மேல்தான் தொடங்கியது. இவர்கள் இருந்தது 24 சதவீத அடுக்கில். அறிக்கை தயாரித்தவர்கள் இவர்களுடைய ரிட்டர்னைக் கேட்டு வாங்கவே இல்லை.

உண்மையான தடை

அறிக்கை பழுதில்லாமல் இருந்திருந்தாலும் 2023இல் ஒரு டாலர்கூட மிச்சமாகியிருக்காது. இந்த வழக்கில் மற்ற எல்லாமே இதற்கு அடுத்துத்தான்.

1986இன் வரிச் சீர்திருத்தத்தோடு வந்த சட்டப்பிரிவு 469, வாடகை வருமானத்தைப் பொதுவாக "பாசிவ்" என்ற தனிப் பெட்டியில் வைக்கிறது. அந்தப் பெட்டியில் விழும் நஷ்டத்தை அதே பெட்டியின் லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது. கழிக்க லாபம் இல்லையென்றால் நஷ்டம் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு நகரும். நாங்கள் பேச்சுவழக்கில் இதை "முடங்கிய நஷ்டம்" என்போம். வீட்டை ஓரளவு தாமே நிர்வகிப்பவருக்கு 25,000 டாலர் வரை விலக்கு உண்டு. ஆனால் வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டியதும் அது தேயத் தொடங்கி 1,50,000இல் முற்றிலும் மறைந்துவிடும். 3,10,000 டாலர் சம்பளக்காரருக்கு அது இல்லை.

சான் அன்டோனியோ கட்டடத்தில் கடன் வட்டி, சொத்துவரி, காப்பீடு, மேலாண்மைக் கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் போக ஆண்டுக்குச் சுமார் 15,800 டாலர் நின்றது. பழைய முறையின் 20,945 டாலர் தேய்மானமே அதை முழுவதும் விழுங்கிவிட்டு மேலும் நஷ்டம் காட்டியது. டவுன்ஹோமின் சிறு லாபத்தையும் கழித்த பிறகு, 2023 முடிவில் ஏறத்தாழ 9,000 டாலர் ஏற்கெனவே முடங்கிக் கிடந்தது. இதன்மேல் இன்னொரு பெரிய நஷ்டத்தைக் கொண்டுவந்து போட்டால் அதுவும் அங்கேயேதான் கிடக்கும்.

இதைக் கேட்டதும் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்த நண்பருக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?" என்றார். நியாயமான கேள்வி. விசாரித்ததில், அந்த நண்பரின் மனைவி வீடு விற்கும் முகவராக முழுநேரம் வேலை செய்கிறவர் என்று தெரிந்தது. அவர்களுக்குச் சட்டம் வேறு கதவைத் திறக்கிறது.

யோசித்த வழிகள்

முதல் வழி, மனைவி வேலையை விட்டு "ரியல் எஸ்டேட் தொழில்முறையாளர்" தகுதி பெறுவது. ஆண்டுக்கு 750 மணிக்கு மேல் அந்தத் தொழிலில் உழைக்க வேண்டும். அது அவருடைய மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். தம்பதியில் ஒருவர் தனித்தே இந்த இரண்டையும் நிறைவேற்ற வேண்டும். இருவர் மணியையும் கூட்ட முடியாது. சொந்த வாடகைச் சொத்தின் நடத்தையிலும் கணிசமாக ஈடுபட்டிருக்க வேண்டும். அவருடைய நாட்காட்டியை எடுத்துப் பார்த்தோம். மேலாண்மை நிறுவனம் எல்லாவற்றையும் செய்கிற நிலையில் அந்தக் கட்டடத்துக்காக அவர் செலவிட்டது ஆண்டுக்கு அறுபது மணி நேரம் இருக்கும். எப்போது அழைப்பு வந்தாலும் போகத் தயாராக இருந்தேன் என்பதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2010இன் மாஸ் வழக்கில் வரி நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கே வீடுகளுக்கு 750 மணியை நேர்மையாக எழுத முடியாது என்று நான் வெளிப்படையாகவே சொன்னேன். வரிக்காக ஒரு நல்ல வேலையை விடுவதை இருவரும் விரும்பவில்லை. எனக்கும் அது சரியாகப் படவில்லை.

இரண்டாவது வழி, சில வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு மாற்றுவது. வாடிக்கையாளர் தங்கும் சராசரி 7 நாளோ அதற்குக் குறைவோ என்றால் விதிப்படி அது வாடகைத் தொழிலாகவே கருதப்படாது. உரிமையாளர் கணிசமாக ஈடுபட்டால் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். ஆனால் நான்கு வீடுகளிலும் ஒப்பந்தத்தோடு குடும்பங்கள் இருந்தன. நகராட்சி அனுமதியும் வேண்டும். ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், இரண்டு முழுநேர வேலைக்கு நடுவில் அதை நடத்துவது நடக்காத காரியம்.

மூன்றாவது வழி, பொறுத்திருப்பது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

2023 ரிட்டர்னைப் பழைய தேய்மான முறையிலேயே தாக்கல் செய்தோம். 1,000 டாலர் முன்பணம் திரும்ப வரவில்லை. அந்த அறிக்கையை விட்டுவிட்டோம்.

இந்த முடிவில் கணவருக்கு ஒரு பயம் இருந்தது. போனஸ் விகிதம் 80, 60 என்று ஆண்டுதோறும் இறங்குகிறதே, காத்திருந்தால் இழப்பில்லையா என்றார். இல்லை. சொத்து எந்த ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்ததோ அந்த ஆண்டின் விகிதமே பொருந்தும். இவர்கள் கட்டடம் 2021இல் வாடகைக்கு வந்தது. அதற்கு 100 சதவீதம் உறுதி. ஆய்வைப் பின்னால் எந்த ஆண்டில் செய்தாலும் பழைய ரிட்டர்ன்களைத் திருத்தத் தேவையில்லை. கணக்கு முறையை மாற்றும் படிவம் 3115 மூலம், விடுபட்ட தேய்மானம் முழுவதையும் அந்த ஒரே ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். அவசரம் காட்டி விற்கும் நிறுவனங்கள் இதைச் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டேன். 2021 ரிட்டர்னில் முந்தைய கணக்காளர் போனஸ் தேய்மானம் வேண்டாம் என்ற அறிவிப்பு ஏதும் இணைத்திருக்கிறாரா என்று பார்த்தேன். இணைத்திருந்தால் 100 சதவீதக் கதவு அன்றே மூடியிருக்கும். இணைக்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை

2024 ஆகஸ்டில் கணவர் அழைத்தார். டவுன்ஹோமை விற்கப்போவதாகவும், செலவு போக 1,18,000 டாலர் லாபம் வரும் என்றும் சொன்னார். அதிலிருந்து குடிபெயர்ந்து ஆறு ஆண்டு ஆகிவிட்டதால் சொந்த வீட்டுக்கான விலக்கு கிடைக்காது. ஆனால் நான் காத்திருந்த செய்தி அதுதான். வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்ற லாபம் பாசிவ் பெட்டிக்குள் விழும். முடங்கிய நஷ்டத்துக்கு வழி பிறக்கும்.

அக்டோபரில் விற்பனை முடிந்தது. நவம்பரில் வேறொரு நிறுவனத்தின் பொறியாளர் சான் அன்டோனியோ போனார். கட்டணம் 4,500 டாலர். நான்கு வீட்டையும் அளந்தார்; புகைப்படம் எடுத்தார். ஒரு வீட்டில் வினைல் பலகைத் தரையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அது ஒட்டப்படாமல் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டியிருந்தது. எந்தச் சேதமும் இல்லாமல் எடுத்துவிடலாம். அதனால் 5 ஆண்டு. குளியலறை ஓடுகள் சிமென்டோடு பதிந்திருந்தன, அவை 27.5 ஆண்டிலேயே நின்றன. பொருளை நகர்த்த முடியுமா, நிரந்தரமாக இருக்கவே வடிவமைத்தார்களா, எடுத்தால் எவ்வளவு சேதம் என்ற கேள்விகள் 1975இன் வைட்கோ வழக்கிலிருந்து வருபவை. அட்டவணையை வைத்துச் சதவீதம் போடுகிறவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

2025 ஜனவரியில் அறிக்கை வந்தது. 5 ஆண்டுப் பொருள்கள் 46,000 டாலர். வேலி, நடைபாதை, எட்டுக் கார் நிற்கும் தளம் முதலிய 15 ஆண்டு மேம்பாடுகள் 50,000 டாலர். மொத்தம் 96,000. முதல் நிறுவனம் காட்டியதில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் படமும் அளவும் விலைக்கணக்கும் இருந்தன.

மீதி 4,80,000 டாலருக்கு 27.5 ஆண்டுக் கணக்கு தொடரும். புது முறைப்படி 2021 முதல் 2023 வரை கழித்திருக்க வேண்டியது 1,38,910 டாலர், கழித்தது 51,490. வித்தியாசம் 87,420 டாலர். அதைப் படிவம் 3115 மூலம் 2024 ரிட்டர்னில் எடுத்தோம். படிவத்தின் ஒரு பிரதி ரிட்டர்னோடும், இன்னொன்று தனியாக அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் போனது.

2024இல் வாடகை சற்றுக் கூடியிருந்தது. ஆனாலும் செலவெல்லாம் போக, கட்டடத் தேய்மானத்துக்கு முன் நின்றது அதே 15,800 டாலர்தான். புதுக் கணக்கில் அந்த ஆண்டுத் தேய்மானம் 17,455. எல்லாம் சேர்த்து, முந்தைய 9,000 உட்பட, பாசிவ் நஷ்டம் 98,075 டாலர். டவுன்ஹோம் லாபம் அதைவிட அதிகம் என்பதால் முழு நஷ்டமும் விடுபட்டது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நஷ்டம் விற்பனை லாபத்தையே நேரடியாகக் குறைப்பதாகத் தோன்றும். அப்படியில்லை. லாபம் நீண்டகால மூலதன லாபமாகத் தன் குறைந்த விகிதத்திலேயே நிற்கிறது. நஷ்டத்தை அனுமதிக்கும் சாவியாக மட்டும் அது பயன்படுகிறது. நஷ்டமோ ரிட்டர்னில் வாடகைக்கான அட்டவணை வழியாகப் போய்ச் சாதாரண வருமானத்தைக் குறைக்கிறது. இவர்களுடைய 2024 சம்பளம் 3,30,000 டாலர்; கழிவுக்குப் பிறகும் 24 சதவீத அடுக்கிலேயே நின்றார்கள். ஆய்வால் மட்டும் கூடுதலாகக் கிடைத்த கழிவு 83,930 டாலர். அதற்கு 24 சதவீதத்தில் 20,143 டாலர் மிச்சம். முதலீட்டு வருமானத்தின் மேல் வரும் 3.8 சதவீத வரியிலும் 3,189 டாலர் குறைந்தது. ஆக 23,332 டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. கலிபோர்னியாவில் இருந்திருந்தால் மாநிலக் கணக்கைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். அந்த மாநிலம் போனஸ் தேய்மானத்தை ஏற்பதில்லை.

இந்தப் பணம் எதிர்காலத்திலிருந்து முன்னால் இழுத்தது என்பதையும் இருவரிடமும் எழுத்தில் கொடுத்தேன். இனி ஆண்டுத் தேய்மானம் 3,490 டாலர் குறையும். கட்டடத்தை விற்கும் நாளில் 5 ஆண்டுப் பொருள்களுக்கு விலையில் ஒதுக்கப்படும் லாபம், எடுத்த தேய்மானத்தின் அளவுக்குச் சாதாரண விகிதத்தில் வரிக்கு வரும். 15 ஆண்டு மேம்பாடுகளில் நேர்கோட்டுத் தேய்மானத்தைத் தாண்டிய பகுதிக்கும் அப்படியே. கட்டடத்தின் மற்ற தேய்மானத்துக்கு உச்சவரம்பு 25 சதவீதம். குறைந்தது பத்து ஆண்டு வைத்திருக்கப்போவதாக அவர்கள் சொன்னதால்தான் இந்தக் கணக்கு பொருந்தியது. இரண்டு ஆண்டில் விற்பதாக இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

மாற்றிக்கொண்டவை

இப்போது காஸ்ட் செக்ரிகேஷன் என்று யார் வந்தாலும் கட்டடத்தைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. நஷ்டம் வந்தால் அது எந்தப் பெட்டியில் விழும், அந்தப் பெட்டியில் லாபம் இருக்கிறதா, எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்பதையே கேட்கிறேன். அதற்குக் கடைசி இரண்டு ரிட்டர்ன்களும், முடங்கிய பாசிவ் நஷ்டத்தைக் காட்டும் படிவம் 8582உம் போதும். 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம், அந்த ஆண்டு ஜனவரி 19க்குப் பிறகு வாங்கிய சொத்துகளுக்கு மீண்டும் 100 சதவீத போனஸ் தந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். பாசிவ் விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

என் பக்கத்தில் ஒரு தவறும் நடந்தது. 2023 இலையுதிர்காலத்தில் அந்தக் கட்டடத்தின் கூரையை முழுவதும் மாற்றியிருந்தார்கள். பிய்த்தெறிந்த பழைய கூரைக்கு மிஞ்சியிருந்த அடக்கவிலையை, பகுதி அகற்றல் என்று அறிவித்து அந்த ஆண்டிலேயே நஷ்டமாகக் கழித்திருக்கலாம். அப்போது அதுவும் முடங்கியிருக்கும். ஆனால் 2024இல் மற்றவற்றோடு விடுபட்டிருக்கும். டவுன்ஹோம் லாபத்தில் அதற்கு இடம் இருந்தது. அந்த அறிவிப்பை 2023 ரிட்டர்னின் கெடுவுக்குள்ளேயே செய்ய வேண்டும். பின்னால் படிவம் 3115இல் பிடிக்க முடியாது. ஆய்வையே தள்ளிவைத்திருந்ததால், தேய்மானத்தில் அந்த ஆண்டு செய்ய எதுவுமில்லை என்று நினைத்துக் கூரை பில்லைப் புதுச் செலவாக மட்டும் பதிந்தேன். பழைய கூரையின் விலையை மதிப்பிட முழு ஆய்வு தேவையும் இல்லை. புதுக் கூரையின் செலவை, விலைவாசி மாற்றத்தைக் காட்டும் உற்பத்தியாளர் விலைக்குறியீட்டெண்ணால் பழைய ஆண்டின் விலைக்குப் பின்னோக்கித் தள்ளிக் கணக்கிட விதியே இடம் தருகிறது.

இதை அவர்களிடம் சொல்லி, அந்த ஆண்டின் என் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எடுத்துப் போட்ட கூரைக்கு அவர்கள் இன்னும் 27.5 ஆண்டுக் கணக்கில் தேய்மானம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.